இறங்கத் தெரிந்தவள் ஏறட்டும்

துறுதுறு பிள்ளையைப் பூட்டி வைக்காமல் மலைக்குக் கூட்டிப்போன ஒரு குடும்பத்தின் இரண்டு வருட அனுபவம்

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, இங்கேர்ந்து பிளேன் எறங்குறது நல்லாத் தெரியுது!" என்று தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு 7 வயது. தொட்டிக்குப் போகும் ஏணியை நாங்கள் எடுத்து ஒளித்து வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குழாயைப் பிடித்தே ஏறியிருக்கிறாள்.

"விழுந்துடுவே! இறங்குடீ!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டவளுக்குக் கால் வழுக்கியது. நல்லவேளை, குழாயை விடவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஏணி கொண்டுவந்து இறக்கிவிட்டான். அதுவரை நிதானமாக நின்ற பிள்ளையைத் தடுமாற வைத்தது என் குரல்தான் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாளே மாடிக்கதவுக்குப் பூட்டு வாங்கக் கிளம்பினார் என் கணவர். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் தடுத்தார். மதுரைப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. "பூட்டுனா ஜன்னல் கம்பியில ஏறுவா. ஏறுற பிள்ளைய ஏற வேண்டிய எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. நாங்கல்லாம் அந்த வயசுல அழகர்மலை ஏறலையா?"

எங்கள் வீட்டில் மலையேற்றம் தொடங்கியது அந்தச் சொல்லில்தான். இப்போது மகளுக்கு 9 வயது. இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பெரிய சிகரம் எதையும் தொட்டுவிடவில்லை. ஆனால், துறுதுறுப்பான ஒரு பிள்ளையின் துணிச்சலைக் குறைக்காமல் அதற்குப் பார்வை கொடுப்பது எப்படி என்று கொஞ்சம் கற்றுக்கொண்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படியிலிருந்து தொடங்கினோம்

மலையேற்றம் நமக்குப் பொழுதுபோக்காகத்தான் புதிது. பழனியில் 693 படி, திருத்தணியில் வருடத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படி, சோளிங்கரில் 1,305 படி என்று எண்ணிக்கொண்டே ஏறிய சனம் நாம். இடுப்பில் பிள்ளை, கையில் கட்டுச்சோறு, வாயில் 'அரோகரா'. விஞ்சும் ரோப் காரும் வந்தபிறகு கால்கள் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டன, அவ்வளவுதான்.

குரோம்பேட்டைவாசிகளான எங்களுக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் அமைத்துக்கொடுத்த படிகள் வழியே முதல் ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். மகள் ஓடியே உச்சிக்குப் போய்விட்டாள். நானும் கணவரும் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். 'பிள்ளைக்குத் தாங்குமா' என்று கவலைப்பட்டுக்கொண்டு போனவர்களுக்கு, தாங்காதது யாருக்கு என்று தெரிந்தது.

"இவ்வளவுதானா மலை?" என்று உதட்டைப் பிதுக்கியவளிடம் ஒரு கதை சொன்னேன். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி இந்த மலையடிவாரத்தில் சங்கிலியைப் போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போன அளவைதான் ஐம்பது வருடம் கழித்து இமயத்துக்குப் போய், உலகத்திலேயே உயரமான சிகரம் எது என்று சொன்னது. மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எவரெஸ்ட் இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதா?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குச் சின்ன மலை என்று ஒன்று கிடையாது.

மூன்று மாதம் படிகள்தான். பரங்கிமலை, திருநீர்மலை, திருக்கழுக்குன்றம், திருத்தணி. உறவுக்காரர்கள் சிலர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார்கள். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட்டில் ஏறிய செய்தியை வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

வளைவில் நில்

துறுதுறு பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போவதில் முதல் தலைவலி, அது நம்மோடு நடக்காது என்பதுதான். ஓடும், நிற்கும், திரும்ப ஓடிவரும், பாதையை விட்டுப் பாறைமேல் தாவும். 'ஓடாதே' என்று ஒரு மணி நேரத்தில் ஐம்பது தடவை சொன்னால் ஐம்பத்தோராவது தடவை அது காதில் விழாது. ஒருநாள் உண்மையான ஆபத்து வரும்போதும் அதே சொல்லைத்தான் சொல்வோம். அப்போதும் விழாது.

அதனால் எங்கள் வீட்டில் விதிகளைக் குறைத்தோம். மொத்தம் மூன்றுதான். ஒன்று, ஓடலாம், ஆனால் வளைவு வந்தால் நிற்க வேண்டும். நாங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த அடி. இரண்டு, வழி தவறிவிட்டால் தேடி அலையக்கூடாது. பக்கத்திலிருக்கும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று விசில் ஊத வேண்டும், மூன்று மூன்று முறையாக. நிற்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது, நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது கடினம். மூன்றாவது விதி பிற்பாடு ஏலகிரியில் கிடைத்தது.

'பார்த்து', 'ஜாக்கிரதை', 'விழுந்துடுவே' என்ற மூன்று சொற்களையும் நாங்கள் இருவரும் விடப் பழகினோம். அவற்றில் பயம் இருக்கிறதே தவிர, பிள்ளைக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் இல்லை. பதிலாக, "அந்தக் கல்லு ஆடுது பாரு", "அடுத்த கால் எங்க வைக்கப்போற?", "கை பிடிக்க என்ன இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினோம். கேள்வி கேட்டால் அவள் பார்க்கிறாள். கத்தினால் எங்களைப் பார்க்கிறாள். கால் வைக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை.

ஏலகிரி வழிகாட்டி சொன்ன பாடம்

உண்மையான காட்டுப்பாதையில் எங்கள் முதல் நடை, திருப்பத்தூர் மாவட்டம் ஏலகிரியின் சுவாமிமலை. கீழேயிருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். மகள் ஒவ்வொரு பலகையையும் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு சின்ன வெப்பமானியும் வைத்திருந்தாள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று அவள் அப்பா சொன்னதைச் சோதித்துப் பார்க்க. வெப்பமானி இறங்க இறங்க அவள் முகம் மலர்ந்தது.

காட்டுக்குள் நடக்கத் தொடங்கியதும் அரை மணியில் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். வழிகாட்டியாக வந்த அண்ணன் சிரித்தார். "வலி இல்லக்கா, அலுப்பு. பாதை ஒரே மாதிரி இருக்குல்ல. இன்னும் கொஞ்ச தூரத்துல பாறை வரும், பாருங்க." பாறை வந்தது. அதுவரை கால் வலித்தவள் முயல்குட்டிபோல் தாவி ஏறினாள். துறுதுறு பிள்ளைக்குத் தூரம் களைப்பல்ல, அலுப்புதான் களைப்பு என்று அன்று புரிந்தது. அதன்பிறகு நாங்கள் இடம் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பார்ப்பதில்லை. வழியில் பாறை உண்டா, ஓடை உண்டா, குகை உண்டா என்று பார்க்கிறோம்.

ஆள் உயரப் பாறை ஒன்றின் பாதியில் அவள் ஒட்டிக்கொண்டு நின்றபோது அந்த அண்ணன் கீழேயிருந்தே பேசினார். "ரெண்டு கை, ரெண்டு கால், மொத்தம் நாலு. எப்பவும் மூணு பாறையில இருக்கணும். ஒண்ணு மட்டும்தான் நகரணும்." அவள் அப்படியே செய்து மேலே போனாள். இறங்கத்தான் வழி தெரியவில்லை. ஏறும்போது கண் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இறங்கும்போது கால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அவர் தன் உள்ளங்கையைப் படியாக வைத்து இறக்கிவிட்டு, அவளுக்கு நேராகக் குனிந்து சொன்னார்: "பாப்பா, இறங்கத் தெரிஞ்ச எடத்துல மட்டும் ஏறு."

எங்களுடைய மூன்றாவது விதி இதுதான். நானும் என் கணவரும் பத்து வருடம் பேசியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டோம். 'ஏறாதே' என்று அவர் சொல்லவில்லை. முடிவை அவள் கையில் கொடுத்து, முடிவெடுக்க ஓர் அளவுகோலையும் கொடுத்தார்.

பேசாத அரை மணி

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால், காட்டோரக் கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் வயது விதிகளை முன்பதிவுக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

சென்னைக் குடும்பங்களுக்கு அந்தப் பட்டியலில் நான் முதலில் சொல்வது, திருவள்ளூர் மாவட்டம் பூண்டி அருகேயுள்ள குடியம் குகைகள். பாதை முழுக்கக் கூழாங்கல். முள்ளும் புதருமான வறண்ட காடு. ஆனால் ஒரு பிள்ளையின் கற்பனைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் எங்கள் வீட்டுக்கு அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று. அதே வருடம் குடியத்துக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

மகள் வழியெல்லாம் குனிந்து குனிந்து கல் பொறுக்கினாள். "இது கோடரியா? இது?" என்று கேட்டுக் கேட்டு வழிகாட்டியைத் துளைத்தெடுத்தாள். எடுத்த கல்லையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார் அவர். அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் வைத்தாள்.

குகை நெருங்கியதும் வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தார். மேலே பாறை விளிம்பில் மலைத்தேனீக்களின் அடைகள் தொங்கின. சத்தம், புகை, வாசனைத் தைலம் மூன்றும் அவற்றுக்கு ஆகாது. கல்லெறிந்தால் கேட்கவே வேண்டாம். நம் மலைகளில் பாம்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், தேனீயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அன்று அரை மணி நேரம் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளியில் 'வகுப்பில் அடங்குவதில்லை' என்று புகார் வாங்கிவரும் அதே பிள்ளை. அந்தக் குகையின் குளிர்ந்த நிழலில் அண்ணாந்து பார்த்தபடி, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றாள். அடங்க மாட்டாள் என்று நாங்கள்தான் நினைத்திருக்கிறோம். எதற்காக அடங்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் அவள் அடங்குகிறாள்.

மறக்கக்கூடாத மார்ச் 11

மலை இனிப்பானது என்று மட்டும் எழுதினால் அது பொய். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். தீ மேட்டை நோக்கிப் போகும்போது அதன் வெக்கையே மேலேயுள்ள புல்லை உலர்த்தித் தயார் செய்துவிடும். அதனால் சமதளத்தில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். மனிதக் கால்களால் அதோடு போட்டிபோட முடியாது.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்பதால் வனப்பாதைகள் மூடப்படுகின்றன. 'அனுமதி எதுக்கு, தெரிஞ்சவர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறாரு' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து போகாதீர்கள். பிள்ளை கூட வந்தால் கண்டிப்பாகப் போகாதீர்கள். அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதம் அல்ல. நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரியும் என்பதற்கான உறுதி அது.

எங்களுக்குத் தெரிந்தவரை குடும்பத்தோடு போகத் தோதான காலம் மார்கழியும் தையும். மழை ஓய்ந்து, காடு பச்சையாக, வெயில் இதமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் அட்டைக்குத் தயாராக இருங்கள். நீளக் காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் போதும், அலறல் வேண்டாம். அந்தப் பக்கம், கோத்தகிரியில் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலைக்கு 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சோலைக்காடு என்றால் என்ன என்று பிள்ளைக்குக் காட்ட அது எளிதான, அழகான இடம்.

பையில் என்ன வைக்கலாம்?

- தண்ணீர்: பெரியவர்களுக்குத் தலா 2 லிட்டர். குழந்தைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை மறந்துவிடுவார்கள். கேட்காவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு கூடவே இருக்கட்டும்.

- சாப்பாடு: புளியோதரை கெடாது. பொரிவிளங்காய் உருண்டை, கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, வெள்ளரி. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். கொண்டுபோன பொட்டலத்தின் காகிதம்கூட உங்களோடே திரும்பி வர வேண்டும்.

- பிள்ளைக்கும் ஒரு பை: அவள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆனால் தன் தண்ணீர், தன் விசில், தன் தொப்பி மூன்றையும் அவளே சுமக்கட்டும்.

- நேரக் கணக்கு: வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி. குழந்தையோடு போனால் வருவதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். விடியலில் தொடங்கி, பகல் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

- பாம்பு கடித்தால்: கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். 108-ஐ அழையுங்கள்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். மறுநாள் விடியலில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலைக்குக் கிளம்பினோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், விழுதிறங்கிய ஆலமரங்கள். "நான் இங்கன இருக்கேன். போயிட்டு வாங்க" என்று மாமியார் ஆலமரத்தடியில் அமர்ந்துகொண்டார்.

பாறைச் சரிவிலேயே வெட்டிய படிகள். கால்மணி நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிட்டது. சுனை ஒன்று, அதையொட்டிப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முன்பு துறவிகள் வாழ்ந்து, மாணவர்களுக்குப் பாடம் சொன்ன இடம். மகள் மகாவீரரைவிட, ஐந்து தலை நாகம் குடைபிடித்த பார்சுவநாதரிடம்தான் அதிக நேரம் நின்றாள். அதற்குமேல் பழைய சமணப் பள்ளி ஒன்றின் அடித்தளமும், இன்னும் மேலே, உச்சியில், ஒரு தீபத்தூணும் இருக்கின்றன. அந்தத் தூணைத் தொடுவதுதான் அன்றைக்கு அவள் குறி. ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முந்தின இரவு மழை. பாறையில் இன்னும் ஈரம் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது மறுபடி தூறல் போட்டது. மேலே வழுவழுவென்று மொட்டைப் பாறை. 'வேண்டாம்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் விழுங்கிக்கொண்டேன். அவளுக்கு இரண்டடி கீழே, கை எட்டும் தூரத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் நாலடி ஏறினாள். நின்றாள். குனிந்து உள்ளங்கையால் பாறையைத் தடவிப் பார்த்தாள். செருப்பின் நுனியால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். தலையைத் தூக்கித் தூணைப் பார்த்தாள். திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தாள். அந்தப் பார்வை நீண்ட நேரம் இருந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்து, கைகளை ஊன்றி, மெல்லச் சறுக்கி என்னிடம் வந்துவிட்டாள்.

"ஏறிடுவேம்மா. இறங்க முடியாது."

கண்ணில் தண்ணீர் நின்றது. அழவில்லை. அந்த ஏமாற்றத்தைக் குறைக்க நான் ஏதும் சொல்லவில்லை. கணவர் பையைத் திறந்து எள்ளுருண்டையை எடுத்துக் கொடுத்தார். மூவரும் சுனையோரம் உட்கார்ந்து, தூறலில் நனைந்தபடி தின்றோம். தொட்டிமேல் அவளைப் பார்த்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த ஈரப்பாறையில் கரைந்துபோனது. அவள் உச்சிக்குப் போயிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். திரும்பியதால் நிம்மதியாகத் தூங்கப் பழகினேன்.

இறங்கி வந்ததும், "தூணைத் தொட்டியாடீ?" என்று கேட்டார் மாமியார்.

"பாதிதான் அப்பத்தா. பாறை நனைஞ்சிருக்கு."

அவர் முந்தானையை விரித்து அவள் தலையைத் துவட்டினார். "அதனால என்ன? காஞ்ச பிறகு போவோம். மலை எங்க போயிரப் போகுது?"

எங்கள் மாடிக்கதவுக்கு இன்றுவரை பூட்டு வாங்கவில்லை.